நைட் டூட்டிக்குத் திரும்பற அம்மாக்களுக்கு: தாய்ப்பால் பம்ப் பண்ணி, வெச்சு, குடுக்கறதுக்கு முழு வழிகாட்டி

கோயமுத்தூர் பக்கம் ஆஸ்பத்திரி நைட் டூட்டி, திருப்பூர் பக்கம் கம்பெனி, மில்லுல அரை நைட், முழு நைட், சரவணம்பட்டில ஐடி ஷிப்ட்னு எங்க வேலை பாத்தாலும் பிரசவ லீவு முடிஞ்சு வர்ற பொண்ணுங்க தடுமாறற இடம் ஒண்ணேதான். ஜாயின் பண்றதுக்கு ரெண்டு நாள் இருக்கறப்போ ஆன்லைன்ல ஒரு பம்ப் ஆர்டர் போட்டுட்டு, மத்ததெல்லாம் போய்ப் பாத்துக்கலாம்னு வந்தர்றாங்க. நடுராத்திரி மார் கட்டிக்கிட்டு, யூனிபார்ம் நனைஞ்சு, பாத்ரூம்ல நின்னு பீச்சி விட்டுட்டு அழுவாங்க. நான் வார்டுல புதுசா திரும்பி வர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்கற வரிசையை அப்படியே எழுதறேன். வரிசை மாறுனா வேலை ஆகாது, அதனால தாண்டிப் போகாம படிங்க.

1. முதல்ல இந்த ஒரு கணக்கு புரியணும்

மார்ல பால் எவ்வளவு வெளிய போகுதோ அதை வெச்சுதான் உடம்பு திரும்ப சுரக்கும். நிறைஞ்சு அப்படியே நின்னுச்சுன்னா "போதும்போல"ன்னு உடம்பு சுரப்பை இறக்கிரும். பால் சுரக்க வெக்கற புரோலாக்டின் ராத்திரிலதான் அதிகமா இருக்கும், அதனால நைட் டூட்டில பால் எடுக்காம விடறதுதான் பகல்ல ஒரு நேரம் விடறதை விட அடி ஜாஸ்தி.

அதனால எத்தனை எம்எல் வந்துச்சுங்கறது ரெண்டாவது விஷயம். எத்தனை மணிக்கு எடுத்தீங்க, விடாம எடுத்தீங்களாங்கறதுதான் முதல் விஷயம். 40 எம்எல் தான் வந்துச்சுன்னு மனசு விட்டுட்டு அடுத்த நேரத்தை விட்டுட்டா, அடுத்த வாரம் 25 தான் வரும்.

வீட்ல எவ்வளவு தேவைன்னு கேட்டா, 1 மாசத்துல இருந்து 6 மாசம் வரைக்கும் குழந்தை ஒரு நாளைக்கு சராசரியா 750 எம்எல் குடிக்கும், அதாவது நீங்க இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 எம்எல்னு வெச்சுக்கோங்க. 12 மணி நேர டூட்டி, போக வர 1 மணி நேரம்னா 400 எம்எல் கிட்ட. ராத்திரி நல்லா தூங்கற குழந்தைக்கு இதுலயும் கம்மிதான் ஆகும். "அரை லிட்டர் பத்தாது, பவுடர் பால் வாங்கி வெச்சரலாம்"னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கறதே இல்ல.

2. மூணு வாரம் முன்னாடி: இன்சார்ஜ்கிட்ட பேசுங்க

பம்ப் வாங்கறதுக்கு முன்னாடியே இது. ஏன்னா எந்த ரூம், பிளக் பாயின்ட் இருக்கா, எத்தனை நிமிஷம் கிடைக்கும்னு தெரிஞ்சாத்தான் எந்த பம்ப் வாங்கறதுன்னே முடிவு பண்ண முடியும்.

"எனக்கு கொஞ்சம் டைம் வேணும் சிஸ்டர்"னு பொதுவா கேட்டா "பாத்துக்கலாம்மா"ன்னு பொதுவாத்தான் பதில் வரும். இப்படிக் கேளுங்க: "சிஸ்டர், ராத்திரி 11 மணிக்கு ஒரு 20 நிமிஷம், 2.30க்கு ஒரு 20 நிமிஷம், விடிகாலை 6 மணிக்கு கேஸ் எல்லாம் எழுதி முடிச்சுட்டு ஒரு 20 நிமிஷம் வேணுங்க. அந்த நேரம் என் பெட்டை பக்கத்து ஸ்டாஃப் பாத்துக்குவாங்க, அவங்க சாப்பிடப் போறப்போ நான் பாத்துக்கறேனுங்." நேரம், நிமிஷம், கவர் பண்ற ஆள், மூணும் நீங்களே சொல்லிட்டா மறுக்கறதுக்கு அவங்களுக்கு இடமே இருக்காது.

சட்டமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, சண்டைக்கு இல்ல, பேச்சுக்கு. மகப்பேறு சட்டம் 1961லயே, வேலைக்குத் திரும்புன அம்மாவுக்கு வழக்கமான ஓய்வு நேரம் போக, குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் பாலூட்ட தினம் 2 இடைவேளை குடுக்கணும்னு இருந்துச்சு, இப்போ அதுக்குப் பதிலா வந்திருக்கற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020லயும் அது அப்படியே இருக்கு. 2017 திருத்தத்துல லீவு 26 வாரம் ஆச்சு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும்னும் சேர்த்தாங்க. மூணு நேரத்துல ரெண்டை இந்த இடைவேளைல கழிச்சுட்டு ஒண்ணை சாப்பாட்டு நேரத்துல வெச்சுக்கலாம்.

ரூம் விஷயத்துல ஒண்ணே ஒண்ணுல கறாரா இருங்க: பாத்ரூம் வேண்டாம். லினன் ரூம், டிரெஸ் மாத்தற ரூம், உள்ள தாழ்ப்பாள் இருக்கற ஸ்டோர், எதா இருந்தாலும் சரி. கதவுல "ஆள் இருக்காங்க"ன்னு ஒரு அட்டை தொங்க விட்டுருங்க, வார்டு அண்ணன் பெட்ஷீட் எடுக்க வந்து கதவைத் தட்டுனா வந்துட்டு இருக்கற பாலும் நின்னுரும்.

3. பம்ப் வாங்கறதும் புனல் சைசும்

நைட் டூட்டிக்கு ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல எடுக்கற, சார்ஜ் போடற எலக்ட்ரிக் பம்ப் தான் லாயக்கு. ஒரு பக்க பம்ப்னா 20 நிமிஷம் 40 நிமிஷமாகும், அவ்வளவு நேரம் எந்த வார்டுலயும் எந்த லைன்லயும் விட மாட்டாங்க. கையால அமுக்கற சின்ன பம்ப் ஒண்ணு கூட இருந்தா நல்லது, சார்ஜ் இறங்குன அன்னைக்கு அதுதான் காப்பாத்தும்.

பெரும்பாலானவங்க கோட்டை விடறது மார்ல வெக்கற புனல்ல. டப்பாவுல வர்றது பொதுவா 24 மில்லிமீட்டர் தான், அது எல்லாருக்கும் பொருந்தாது. பம்ப் ஓடறப்போ காம்பு மட்டும் நடுவுல தாராளமா முன்னாடி பின்னாடி போகணும். காம்பு சுவத்துல உரசி வலிச்சா சைஸ் சின்னது, கருவட்டமும் சேர்ந்து உள்ள இழுபட்டா சைஸ் பெருசு. சைஸ் தப்பா இருந்தா பால் பாதிதான் வரும், காம்பு புண்ணாகும், கடைசில "எனக்கு பாலே இல்ல"ன்னு முடிவு கட்டிருவாங்க. புனல் மட்டும் தனியா விக்குது, மாத்திப் பாருங்க.

4. ரெண்டு வாரம் முன்னாடி: கொஞ்சமா சேர்த்து வைங்க

விடிகாலை முதல் தடவை குடுத்து முடிச்சு அரை மணி நேரம் முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு தடவை பம்ப் பண்ணுங்க. அந்த நேரம் மார் நல்லா நிறைஞ்சிருக்கும், குழந்தை குடிச்சது போகவும் வரும். முதல் நாலு நாள் 20, 30 எம்எல் தான் வரும், அது சரியாத்தான் இருக்கு, உடம்புக்கு புது நேரம் பழகணும்.

ஃபிரீசர் நிறைய சேர்க்கணும்னு போட்டோ பாத்துட்டு ஆசைப்படாதீங்க. ரெண்டு டூட்டிக்கு ஆகற அளவு கையில இருந்தா போதும். அளவுக்கு மேல பம்ப் பண்ணுனா சுரப்பு எகிறி, டூட்டில மார் தாங்காம கட்டிக்கும்.

60 எம்எல் 60 எம்எல்லா வைங்க. 150 எம்எல் பையை உருக்கி குழந்தை 50 குடிச்சுட்டு தூங்கிட்டா மீதி பூரா வீணாப் போகும். கண்ணாடி பாட்டில், பால் பை, மூடி இறுக்கமா இருக்கற எவர்சில்வர் டப்பா எதுவும் ஆகும். முக்கால் பங்குக்கு மேல ஊத்த வேண்டாம், உறைஞ்சா பால் உப்பும். மேல தேதியும் மணியும் எழுதுங்க.

5. வீட்ல குடுக்கற ஆளைப் பழக்குங்க

இதைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்றாங்க, ஆனா டூட்டிக்குப் போன முதல் ராத்திரி போன் வர்றது இதுக்குத்தான்: "கண்ணு, பாப்பா வாயே தெறக்க மாட்டேங்குது."

அமுச்சியோ அப்பத்தாளோ வீட்டுக்காரரோ, ராத்திரி குடுக்கப்போறவங்களே பத்து நாள் முன்னாடி இருந்து தினம் ஒரு நேரம் குடுக்கணும். அந்த நேரம் நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது, உங்க வாசம் பட்டா குழந்தை வேற எதையும் தொடாது. பசில கத்தறப்போ ஆரம்பிக்காதீங்க, லேசா வாயை சப்பறப்பவே ஆரம்பிங்க.

பாட்டிலை விட பாலாடையோ சின்ன டம்ளரோ என் கட்சி. கழுவறது சுலபம், குழந்தை மார்ல சப்பறதை மறக்காது. நம்ம பெரியவங்களுக்கு பாலாடை கைவந்தது, ஆனா படுக்க வெச்சு வாயில ஊத்தற பழக்கம் மட்டும் மாறணும். குழந்தையை முக்கால்வாசி நிமித்தி மடியில வெச்சு, பாலாடை மூக்கைக் கீழ் உதட்டுல வெச்சு, பால் உதட்டைத் தொடற மாதிரி சாய்ச்சா போதும், குழந்தை தானே நக்கி உறிஞ்சிக்கும். ஊத்துனா புரை ஏறும். பாட்டில்தான்னு முடிவு பண்ணுனா, பாட்டிலைக் கிடைமட்டமா பிடிச்சு நடு நடுவுல நிறுத்தி நிறுத்தி குடுக்கச் சொல்லுங்க.

6. டூட்டிப் பை

முந்துன நாளே கட்டி வைங்க: பம்ப், சார்ஜர், பம்ப் பாகங்கள் ரெண்டு செட், 4 பாட்டில், பேனா, லேபிள், சுத்தமான ஜிப் கவர், குளிர் தாங்கற பை, நல்லா உறைஞ்ச ஜெல் பேக் 3, மாத்து டாப் ஒண்ணு. கசிவுக்குக் கடைல விக்கற பேடை விட பழைய வேட்டித் துணியை நாலா மடிச்சு உள்ள வெக்கறது தோலுக்கு இதமா இருக்கும், ஆனா நனைஞ்ச உடனே மாத்திரணும், ஈரமா இருந்தா காம்பு வெடிக்கும்.

ரெண்டு செட் பாகம் ஏன்னா, ராத்திரி வார்டு சிங்க்ல நின்னு கழுவ நேரமும் இருக்காது, அந்த சிங்க் அதுக்கு லாயக்கும் இல்ல. மூணாவது தடவைக்கு வேணும்னா ஒரு செட்டை மட்டும் தனி டப்பாவுல சோப்பு போட்டுக் கழுவிக்கலாம்.

7. ராத்திரி நேரக் கணக்கு

8 மணிக்கு ஏறி காலைல 8 மணிக்கு இறங்கற டூட்டின்னா: கிளம்பறதுக்கு முன்னாடி 7 மணிக்கு குழந்தைக்கு ரெண்டு பக்கமும் குடுத்துட்டு வாங்க. 11, 2.30, 6 மணிக்கு பம்ப். காலைல வீடு வந்ததும் நேரா குழந்தைக்கு.

மில்லுல 12 மணிக்கு ஆரம்பிக்கற முழு நைட்னா, வேன் ஏறறதுக்கு முன்னாடி தூங்கற குழந்தையா இருந்தாலும் தூக்கி குடுங்க, தூக்கத்துலயே குடிக்கும். அப்புறம் 3 மணிக்கு ஒண்ணு, 6 மணிக்கு ஒண்ணு. சாயங்காலம் ஏறி நடுராத்திரி இறங்கற அரை நைட்னா 7.30க்கு ஒண்ணு, 10.30க்கு ஒண்ணு.

எமர்ஜென்சி கேஸ் வந்து 11 மணி தப்பிப்போச்சுன்னா 2.30 வரைக்கும் காத்திருக்காதீங்க, 10 நிமிஷம் கிடைச்சாலும் உக்காந்து எடுங்க. அதுவும் இல்லாட்டி பாத்ரூம் போற சாக்குல கையால கொஞ்சம் பீச்சி இறுக்கத்தை மட்டும் குறைச்சுட்டு வாங்க, அந்தப் பால் வேண்டாம், கட்டாம இருந்தா போதும்.

8. அந்த 20 நிமிஷத்துல என்ன பண்றது

சோப்பு போட்டு கை கழுவுங்க. சானிடைசர் மட்டும் போதாது, நாள் பூரா நோயாளியைத் தொட்ட கை.

சுடுதண்ணில நனைச்ச துணியை ஒரு நிமிஷம் மார்ல வெச்சு, கழுத்துப் பக்கத்துல இருந்து காம்பு நோக்கி லேசா தடவி விடுங்க. பம்ப்பை முதல்ல வேகமா, லேசா ஓட விடுங்க, குழந்தை முதல்ல சப்பறது அப்படித்தான். பால் பீச்ச ஆரம்பிச்சதும் மெதுவா, கொஞ்சம் அழுத்தமா மாத்துங்க.

இங்க நான் அதிகமா பாக்கற தப்பு, "சீக்கிரம் முடியட்டும்"னு எடுத்த எடுப்புலயே இழுவையைக் கடைசி நம்பருக்கு வெக்கறது. வலி வந்தா பாலை வெளிய தள்ற ஆக்சிடோசின் வேலை செய்யாது. இழுவை உங்களுக்கு வலிக்காத அளவுல மேல இருக்கற நம்பர்ல நிக்கணும்.

பாட்டிலையே முறைச்சுப் பாத்துட்டு உக்காராதீங்க. அது மேல ஒரு சாக்ஸை மாட்டி விட்டுட்டு குழந்தை வீடியோ பாருங்க, இல்ல குழந்தையோட சட்டை ஒண்ணைப் பையில கொண்டு வந்து மோந்து பாருங்க. விளையாட்டுக்கு சொல்லல, குழந்தை நினைப்பு வந்தா அந்த ஆக்சிடோசின் தானா ஊறும்.

பம்ப்ல வர்றது நின்னதும் கழட்டிராதீங்க. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு நிமிஷம் கையால பீச்சுங்க: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்துக்கு ஓரமா வெச்சு, முதல்ல நெஞ்சுப் பக்கம் அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேருங்க. காம்பைப் பிடிச்சு இழுக்கறது இல்ல. கடைசியா வர்ற இந்தப் பால்லதான் கொழுப்பு அதிகம்.

9. குளிர்ச்சி விடாம வீடு சேர்க்கறது

அறை வெப்பம் 25 டிகிரிக்குள்ள இருந்தா 4 மணி நேரம் வெளிய இருக்கலாம். ஈரோடு, திருப்பூர் பக்கம் சித்திரை வெயில்ல ராத்திரி கூட அதுக்கு மேலதான் இருக்கும், அதனால அந்த 4 மணி நேரக் கணக்கை மறந்துட்டு, எடுத்த உடனே குளிருக்குள்ள வைங்க.

உறைஞ்ச ஜெல் பேக் வெச்ச பையில 24 மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜ்ல 4 டிகிரில 4 நாள். தனிக் கதவு இருக்கற ஃபிரீசர்ல 6 மாசம் வரைக்கும் நல்லா இருக்கும். ஒரே கதவு ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கற குட்டி ஃபிரீசர்னா ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சுருங்க, கதவைத் திறக்கத் திறக்க அதுல குளிர் ஏறி இறங்கும்.

வார்டுல தடுப்பூசி, மருந்து வெக்கற ஃபிரிட்ஜ்ல பாலை வெக்காதீங்க, அது விதிப்படி தப்பு, காலைல யாராச்சும் எடுத்து வெளிய வெச்சிருவாங்க. பேன்ட்ரி ஃபிரிட்ஜ்னா மூடி போட்ட டப்பாவுல, பேர் எழுதி, கதவுல இல்லாம உள்பக்கமா வைங்க. இளஞ்சூடா இருக்கற புதுப் பாலை ஏற்கெனவே குளிர்ந்த பால்ல ஊத்தாதீங்க, ரெண்டும் குளிர்ந்த பிறகு சேர்க்கலாம்.

வீட்ல சுழற்சி இப்படி: நேத்து ராத்திரி எடுத்தது ஃபிரிட்ஜ்ல இருந்து இன்னைக்கு ராத்திரிக்கு. ஃபிரீசர்ல இருக்கறது அவசரத்துக்கு. மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணில இருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும் கரண்ட் நிறுத்தற நாள் நம்ம ஊருல வரும், அன்னைக்கு ஃபிரீசர் கதவைத் திறக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லி வைங்க. கரண்ட் வந்ததும் பாருங்க, பால்ல ஐஸ் துகள் இன்னும் இருந்தா திரும்ப உறைய விடலாம். முழுசா உருகிடுச்சுன்னா ஃபிரிட்ஜ்ல வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள குடுத்து முடிக்கணும்.

சூடு பண்றது: அடுப்புலயும் வேண்டாம், மைக்ரோவேவ்லயும் வேண்டாம். குண்டாவுல இளஞ்சூடான தண்ணி ஊத்தி அதுல டப்பாவை நிக்க வைங்க. மேல கொழுப்பு தனியா மிதக்கும், கெட்டுப்போச்சுன்னு பெரியவங்க ஊத்திருவாங்க, லேசா சுத்துனா கலந்துக்கும். குழந்தை வாய் வெச்ச மீதி 2 மணி நேரத்துக்கு மேல ஆகாது.

10. காலைல வீட்டுக்கு வந்ததும்

"ராத்திரி பூரா மார்லயே கெடந்த பாலு, சூட்டுப் பாலு, பீச்சி வெளிய ஊத்திட்டு அப்புறம் குடு." இதை அத்தை சொல்லாத வீடு கம்மி. மார்க்குள்ள இருக்கற பால் கெடாது, புளிக்காது, நீங்க பஸ்ல வந்ததால சூடும் ஆகாது. தர்க்கம் பண்ணாம, "டாக்டர் அப்படியே குடுக்கச் சொன்னாங்கத்தை"ன்னு சொல்லிட்டு கை கால் கழுவி யூனிபார்ம் மாத்திட்டு குடுங்க.

குடுத்துட்டுத்தான் தூக்கம். முதல்ல தூங்கிட்டா மதியம் மார் கட்டிக்கிட்டுத்தான் எந்திரிப்பீங்க. நடுவுல 12.30 மணி வாக்குல குழந்தையை உங்ககிட்ட கொண்டு வந்து குடுக்கச் சொல்லுங்க, குடிச்சதும் அவங்களே திரும்ப எடுத்துட்டுப் போகணும். சோபாவுலயோ சேர்லயோ உக்காந்து பால் குடுத்துட்டே தூங்கறது மட்டும் ஆகவே ஆகாது, நைட் முடிச்ச உடம்பு அது, குழந்தை மூச்சு அடைச்சுக்கும்.

பம்ப் பாகங்களைத் தனி டப்பாவுல (சிங்க்ல போட வேண்டாம்) சோப்புல கழுவிட்டு, தினம் ஒரு தடவை 5 நிமிஷம் கொதிக்க விடுங்க, இல்ல இட்லிக் குண்டாவுல ஆவி காட்டுங்க. காத்து போற டியூபைக் கொதிக்க விடாதீங்க. துடைக்காம சுத்தமான துணி மேல கவுத்து காய விடுங்க.

11. பால் குறையற மாதிரி இருந்தா

முதல்ல புனல் சைஸ், அடுத்தது பம்ப்போட சின்ன ரப்பர் வால்வு தளர்ந்திருக்கா, அடுத்தது விட்டுப்போன நேரம், இந்த வரிசைல பாருங்க. லேகியமும் பூண்டும் அதுக்கப்புறம். பூண்டு சாப்பிடறதுல தப்பில்ல, ஆனா பால் எடுக்காம பூண்டு மட்டும் சாப்பிட்டா பூண்டு வாசம்தான் மிச்சம்.

லீவு நாள்ல பம்ப்பை ஓரமா வெச்சுட்டு பூரா நேரடியா குடுங்க, எந்த பம்ப்பும் குழந்தை அளவுக்கு இழுக்காது. பத்தியம்னு தண்ணியை நிறுத்தி வெச்சிருந்தா அதை விடுங்க, தாகத்துக்குத் தண்ணி குடிச்சா குழந்தைக்கு சளி பிடிக்காது. ராத்திரி 1 மணிக்கு பிஸ்கட்டும் டீயும் போதாது, அரிசிம்பருப்பு சாதமோ ராகிக் களியோ கட்டிட்டு வாங்க. காபி, டீ 2 கப்போட நிறுத்துங்க, அதுக்கு மேல போனா சில குழந்தைங்க பகல்ல தூங்காது. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைல ஈஸ்ட்ரோஜன் இருந்தா பால் குறையும், டாக்டர்கிட்ட பால் குடுக்கறேன்னு சொல்லி வேற கேளுங்க.

12. கட்டி, காய்ச்சல்

மார்ல ஒரு இடம் மட்டும் கட்டியா வலிச்சா வழக்கம்போல குடுங்க, குளிர்ந்த துணி வைங்க, அழுத்தித் தேய்க்காதீங்க. சிவந்து, சூடா, குளிர் காய்ச்சலும் வந்துச்சுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, சீழ் வெக்கற வரைக்கும் டூட்டியை முடிச்சுட்டுப் போறேன்னு இருக்காதீங்க. காய்ச்சல்ல பால் குடுக்கக் கூடாதுன்னு நிறுத்தறதுதான் இன்னும் மோசம், கட்டு அதிகமாகும். அந்தப் பாலால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, பாரசிட்டமாலும் பால் குடுக்கறப்போ போட்டுக்கலாம்.

13. பம்ப் நேரத்தைக் குறைக்கறது

6 மாசத்துக்கு அப்புறம் கஞ்சி, பருப்பு சாதம்னு சாப்பிட ஆரம்பிச்சு ராத்திரி குடிக்கறது குறைஞ்சதும் ஒவ்வொண்ணா விடலாம். ஒரே நாள்ல மூணையும் விடாதீங்க. முதல்ல நடு நேரத்தோட நிமிஷத்தை 20ல இருந்து 15, 10, 5னு இறக்கி, ஒவ்வொரு இறக்கத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு டூட்டி விடுங்க. நடு நேரம் போனதும் மீதி ரெண்டை 12 மணிக்கும் 5 மணிக்கும் நகர்த்திக்கோங்க. அந்த ரெண்டோட ஒரு வாரம் கட்டாம இருந்தா அடுத்ததைத் தொடலாம்.